டிஃபால்ட்: யார் வைத்தபடி?

பெரியப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்த மறுநாள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு, திரையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று குரல் வந்தது.

"தம்பி, இங்க வாப்பா. இது என்ன டிஃபால்ட்டுங்குது? சொசைட்டியில முழுசாக் கட்டி ரசீது வாங்கி வச்சிருக்கேனே?"

எட்டிப் பார்த்தேன். குறுஞ்செய்தி படிக்கிற ஆப் ஒன்று, தன்னையே டிஃபால்ட்டாக வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டிருந்தது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவர் பயந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. டெல்டாவில் பயிர்க்கடனும் நகைக்கடனும் வாங்கிப் பழகிய தலைமுறைக்கு டிஃபால்ட் என்ற சொல் கூட்டுறவுச் சங்க வாசலில்தான் அறிமுகம். 'டிஃபால்ட்டர்' பட்டியலில் பேர் வந்தால் அடுத்த போகத்துக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். அந்தச் சொல் போனுக்குள் வந்து நின்றால் யாருக்குத்தான் பக்கென்று இருக்காது?

"அந்த டிஃபால்ட் வேற, இது வேற பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்தால், வேறில்லை. இரண்டும் ஒரே சொல்தான்.

மூலம் லத்தீன். 'ஃபால்லெரே' என்றால் ஏமாற்றுவது, பொய்த்துப்போவது. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'டெஃபோத்', அதாவது குறை, இல்லாமை, தவறுகை. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குற்றத்தைக் குறிக்கும் 'ஃபால்ட்' இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் நீண்டகாலம் குடியிருந்த இடம் நீதிமன்றம். வர வேண்டியவன் வரவில்லை, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால் அது டிஃபால்ட். இன்றைக்கும் நம் ஊர் கோர்ட்டுகளில் வாய்தாவுக்கு வாதி வராமல் போனால், வழக்கு 'டிஸ்மிஸ்ட் ஃபார் டிஃபால்ட்' ஆகிறது. போலீஸ் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவருக்குக் கிடைப்பது 'டிஃபால்ட் பெயில்'. அங்கே தவறியது போலீஸ். கடன் தவணை தவறுவதை இந்தச் சொல்லால் குறிப்பது 19ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம்.

கணினிக்காரர்கள் 1960களில் இதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிரலுக்கு எழுத்தளவு எவ்வளவு, எந்தப் பிரிண்டர், எந்த மொழி என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்? நிரல் விழித்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் எழுதியவரே ஒரு மதிப்பை உள்ளே போட்டு வைப்பார். நாம் சொல்லத் தவறினால் அவர் சொன்னது நடக்கும். வாதி வராவிட்டால் வழக்கு எப்படித் தானாக முடிகிறதோ, அதே தர்க்கம். ஆங்கிலச் சொல் இந்த மூன்று இடத்திலும் சும்மா இருந்தவனைப் பார்த்துத்தான் விரலை நீட்டுகிறது.

விளையாட்டுப் பையன்கள் அதை இன்னும் ஒரு படி இறக்கிவிட்டார்கள். அக்கா மகன் தஞ்சாவூரில் கல்லூரி படிக்கிறான். ராத்திரி மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையோ "போடா டிஃபால்ட்" என்று திட்டிக்கொண்டிருந்தான். விசாரித்தால், ஃபோர்ட்நைட் ஆட்டத்திலிருந்து வந்த வசையாம். ஆட்டம் இலவசம், ஆனால் உடை, தொப்பி, ஆடும் நடனம் எல்லாம் காசு. காசு கொடுத்து எதுவும் வாங்காதவனுக்கு நிறுவனம் ஒரு சாதா உருவத்தைக் கொடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வருகிறவன் டிஃபால்ட். சொசைட்டியில் கடன் கட்டாதவன், இங்கே கடையில் காசு கட்டாதவன். சொல் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

இதில் நிரல் எழுதுகிறவரின் கை எவ்வளவு பலமானது என்பதற்கு விளையாட்டுத் துறையிலேயே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டபோது திரைக்குக் கீழே வசனம் ஓடாது. வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 60 சதவீதம் பேர் மெனக்கெட்டுப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அடுத்து வந்த 'ஒடிசி' ஆட்டத்தில் வசனத்தை முதலிலேயே ஓடவிட்டு, வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 95 சதவீதம் பேர் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கை அந்த நிறுவனமே 2019இல் வெளியிட்டது. காது கேளாதவர்களுக்கும், இங்கிலீஷ் உச்சரிப்பு பிடிபடாத நம்மைப் போன்றவர்களுக்கும் இரண்டுக்கும் இடையிலான அந்த 35 சதவீதம் சின்ன விஷயமில்லை. மாறியது ஒரே ஒரு பொத்தான், அதுவும் யாரோ ஒருவருடைய மேசையில்.

சில சமயம் கை எதிர்ப்பக்கமிருந்தும் நீளும். கணினியில் சுடும் ஆட்டம் ஆடுகிறவர்கள் இடது கையை வைக்கும் டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு விசைகளும் ஆதியில் யாரும் விதித்தவை அல்ல. 'குவேக்' போட்டிகளில் த்ரெஷ் என்ற பட்டப்பேரோடு ஆடி, 1997இல் பரிசாக ஒரு ஃபெராரி காரையே ஓட்டிக்கொண்டு போன டெனிஸ் ஃபாங் அப்படி ஆடிப் பிரபலமாக்கினார். 1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' அதையே டிஃபால்ட்டாக வைத்து வெளியானது. அப்புறம் யாரும் மாற்றவில்லை. ஆட்டக்காரன் பழக்கம் டெவலப்பர் கைக்குப் போய், திரும்ப எல்லா ஆட்டக்காரர் கைக்கும் வந்துவிட்டது.

இதற்குக் காசு மதிப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமா? ஐபோனின் சஃபாரியில் தேடினால் கூகுள் வருகிறதே, அந்த இடத்துக்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க வழக்கு ஆவணங்களில் வெளிவந்த தொகை இது. வேறு தேடுபொறிக்கு மாற நாலைந்து தட்டு போதும். யாரும் தட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையின் விலைதான் அது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றி வந்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது, இந்த மாதிரி ஒப்பந்தங்கள்தான் வழக்கின் மையத்தில் இருந்தன.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது? கடன் விஷயத்தில் சிக்கல் இல்லை: தவணை தவறுதல், தவணை தவறியவர். கணினிக்குத்தான் ஆளுக்கொரு சொல்.

கலைச்சொல் பட்டியல்களில் 'கொடாநிலை' என்று ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நாம் மதிப்பு எதையும் கொடாத நிலை. நிரலாளர் பார்வையில் அச்சு அசலான சொல். கடனைக் கொடாதவனுக்கும் பொருந்தும் என்பது கூடுதல் அழகு. ஆனால் பேச்சில் நிற்கவில்லை. பெரியப்பாவிடம் 'இது கொடாநிலை ஆப்' என்று சொன்னால், "கொடாக்கண்டனா?" என்றுதான் கேட்பார்.

அடுத்தது 'முன்னிருப்பு'. கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்குகிறவர்கள் நடுவில் நன்றாகவே புழங்குகிறது. முன்பே இருப்பது, சுருக்கம், தெளிவு. ரேஷன் கடைக் கரும்பலகையில் அரிசி, சர்க்கரைக்கு எதிரே எழுதுகிற 'இருப்பு' ஞாபகத்துக்கு வருவது ஒரு சின்னச் சங்கடம், பெரிதில்லை.

மூன்றாவது 'இயல்புநிலை'. இப்போது போன் திரைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். இதைத் தேர்ந்தவர்கள் சும்மா தேர்ந்துவிடவில்லை. நம் இலக்கணத்தில் இயல்பு என்றால் மாற்றம் எதுவும் நிகழாதது. பொன் என்பதோடு மலை சேர்ந்து பொன்மலை ஆனால் இயல்புப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் ஏதாவது நடந்தால் விகாரம். அமைப்பில் யாரும் கைவைக்காதவரை இயல்பு, கைவைத்தால் விகாரம். கச்சிதமாகத்தான் இருக்கிறது.

எனக்கு இடிப்பது, இயல்பு என்றவுடன் அது தானாக அமைந்தது என்ற நினைப்பு கூடவே வந்துவிடுவது. டெல்டாக்காரனுக்கு அந்த நினைப்பு கூடாது. காவிரியின் இயல்பு என்ன? முக்கொம்பில் பிரிந்ததும் பள்ளமாகக் கிடக்கிற கொள்ளிடத்தில் பாய்ந்து நேரே கடலுக்குப் போவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய பிறகுதான் தஞ்சாவூர்ப் பக்கம் தண்ணீர் நிலைத்தது. 2018 ஆகஸ்டில் அந்த அணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது ஆறு தன் இயல்பைக் காட்டியது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் கல்லணையும் மனிதக் கை வைத்ததுதான். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருவதை நாங்கள் இயல்பு என்கிறோம். அதற்குப் பின்னால் மேலணையிலிருந்து, ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் வரைக்கும் பல பேருடைய தீர்மானம் இருக்கிறது. மேட்டூர் திறக்கிற ஜூன் 12ம் அந்த வகைதான். யாரும் வேறு சொல்லாவிட்டால் அந்தத் தேதி. 2022இல் மே 24க்கே திறந்தார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது.

தமிழெழுத்து விஷயத்திலேயே இது நமக்கு நடந்திருக்கிறது. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்கிறது தொல்காப்பியம். மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பதுதான் அதன் இயற்கை. புள்ளியை எடுத்தால் அகரம் ஏறும். அதாவது தொல்காப்பியருக்கு 'க்' டிஃபால்ட், 'க' அதிலிருந்து வருவது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் முறைதான் யூனிகோடு. 1991இல் வந்த அது, இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே சட்டகமாக 1988இல் வகுத்திருந்த இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதில் 'க' முதல், 'க்' என்பது க-வோடு புள்ளியைத் தனியாக ஒட்டியது. தலைகீழ்.

விளைவு என்னவென்றால், 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. குறி எண்ணை மட்டும் பார்த்து அகரவரிசைப்படுத்தினால் 'கலம்' முன்னால் வந்து 'கல்' பின்னால் போகும், ஏனென்றால் புள்ளியின் எண் மகரத்தின் எண்ணைவிடப் பெரியது. அகராதியில் கல்தான் முதலில் வர வேண்டும். இதைச் சரிசெய்யத் தனியாக வரிசை விதி எழுத வேண்டியிருக்கிறது. எழுதாத மென்பொருளில் பெயர்ப்பட்டியல் இன்றும் குளறும். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே அச்சு இருந்தால் வசதி என்று பார்த்தார்கள். ஆனால் எது இயற்கை என்று அவர்கள்தான் தீர்மானித்தார்கள், நாம் அதன்மேல் குடியிருக்கிறோம்.

அதனால் நான் மொழிபெயர்க்கும்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பொத்தானிலும் பட்டியலிலும் இடம் குறைவு. அங்கே 'முன்னிருப்பு' போதும். முன்னிருப்பு உலாவி, முன்னிருப்பு எழுத்துரு. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, இயற்கை என்று சாதிப்பதில்லை. கொஞ்சம் நீட்டி எழுத இடமிருந்தால் நம் ஊர்ப் பேச்சில் 'வச்சபடி' என்பார்களே, அதை எடுத்துக்கொள்கிறேன். ஷட்டர் வச்சபடி இருக்கு, யாரும் தொடலை. 'நிறுவனம் வைத்தபடியே விட்டுவிட்டால் உங்கள் இருப்பிடம் பகிரப்படும்' என்று எழுதினால், செய்தவர் யார் என்பது வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதே வாக்கியத்தை 'இயல்பாக உங்கள் இருப்பிடம் பகிரப்படும்' என்று எழுதிப் பாருங்கள். மழை பெய்கிற மாதிரி இருக்கும். 'முன்தேர்வு' என்றும் யோசித்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை ஞாபகம் வரும் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கடன் சமாச்சாரம் இல்ல பெரியப்பா. இந்த ஆப்பு, இனிமே மெசேஜ் எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன், சரியான்னு கேக்குது" என்றேன்.

"இப்ப யாரு பாத்துக்கறா?"

"போன் கம்பெனி வச்சது ஒண்ணு இருக்கு."

"அதையும் என்னைக் கேட்டா வச்சான்?" என்று முனகிக்கொண்டே வேண்டாம் என்பதைத் தட்டினார். மூன்றாம் நாள் அது மறுபடியும் கேட்டது.