உண்டியல் காசுக்கு ஒரு சட்டம், புதையல் காசுக்கு வேறு சட்டம்

"வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசு இருந்தா பத்து லட்சம் தர்றாங்களாமே, உங்ககிட்ட இருக்கா?"

நான் நாணயம் சேர்ப்பவன் என்று தெரிந்தவர்கள் அதிகம் கேட்டது இதுதான். என்னிடம் நாலைந்து இருக்கின்றன. 2012-ல் அரசு அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு அது. ஒன்று எனக்கு டீக்கடையில் மீதிச் சில்லறையாக வந்தது. லட்சங்களோடு யாரும் வீடு தேடி வந்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இதை நம்பி, கைபேசியில் காசைப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த நாளே ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் என்றது அது. கட்டிய பிறகு, வரி பாக்கி என்று இன்னொரு கடிதம். அப்போதுதான் என்னிடம் வந்தார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது: பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலை எதிலும் அது இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதும் இல்லை. முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையான விதிகளுக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் எல்லாக் காசும் ஒன்றல்ல.

இன்று செல்லுபடியாகும் காசுக்கு நாணயச் சட்டம், 2011. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் செல்லும், கடைக்காரர் முகம் சுளித்தாலும். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் செல்லும், 50 பைசா பத்து ரூபாய் வரை. உண்டியலை உடைத்து ஐயாயிரத்துக்குச் சில்லறையாகவே கொட்டினால், வாங்க மாட்டேன் என்று சொல்ல எதிராளிக்கு உரிமை உண்டு. பத்து ரூபாய் காசு செல்லாது என்பதெல்லாம் புரளி. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது.

முதலீடு என்று யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது நினைவு நாணயங்கள். 1964-ல் நேருவுக்காக வந்ததுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம். நம் ஊர்க்காரர்களுக்கும் பஞ்சமில்லை: காமராஜர், அண்ணா, எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., 2024-ல் கலைஞர். அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். எனக்குப் பிடித்த காசு அது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் காசே வந்தது. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் அரசு நாணயச் சாலைகள் உண்டு. நினைவு நாணயங்களை அவற்றின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்து வாங்கலாம். கண்ணாடிபோல் பளபளக்கும் 'ப்ரூஃப்' ஒரு விலை, சாதாரணப் பதிப்பு வேறு விலை. (வருஷத்துக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பையிலிருக்கும் சில்லறையை இப்போதே எடுத்துப் பாருங்கள்.)

"வெள்ளிக் காசுதானே, வெள்ளி விலை ஏறினால் லாபம்தானே" என்பார்கள். 2023-ல் புதிய நாடாளுமன்றத்துக்காக வந்த 75 ரூபாய் காசை எடுத்துக்கொள்வோம். எடை 35 கிராம், வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆக, கையில் இருப்பது பதினேழரை கிராம் வெள்ளி. அதையும் உருக்க முடியாது! சட்டம் 'நாணயம்' என்று சொல்லும்போது நினைவு நாணயத்தையும் சேர்த்தே சொல்கிறது. நாணயத்தை உருக்கினாலோ அழித்தாலோ ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். வெள்ளிக் கட்டியைப் பட்டறையில் கொடுத்துக் கொலுசாக்குவதுபோல் இதை ஆக்க முடியாது. இன்னொரு சேகரிப்பாளர் வாங்கினால்தான் பணம். என்னைக் கேட்டால், ஆசைக்கு வாங்குங்கள், மகள் கல்யாணத்துக்கென்று வாங்காதீர்கள்.

செல்லாத 500, 1000 நோட்டுகளை ஞாபகத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ல் வந்த சட்டப்படி மொத்தம் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம். ஆய்வு, நாணயவியல் போன்ற காரணங்களுக்கு 25 வரை. அதைத் தாண்டினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம்.

அப்புறம் நூறு வயதுக் கணக்கு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள். வைத்திருப்பது குற்றமில்லை. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகத் தனியாருக்கு அனுமதியே கிடையாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு விக்டோரியா ராணி ரூபாயைப் பெட்டியில் வைத்து அனுப்பும் தாத்தாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோடு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் வருஷம் தவறாமல் ஒவ்வொரு செட்டாக உள்ளே வருகின்றன. ஓட்டைக் காலணா 1943-47 காலத்தது, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

கடைசியாக மண்ணுக்குள் கிடைப்பது. திருவானைக்காவல் கோயிலில் 2020 பிப்ரவரியில் ஒரு பானையில் 505 பொற்காசுகள் கிடைத்தது நினைவிருக்கலாம். உங்கள் கொல்லையில் அஸ்திவாரம் தோண்டும்போது அப்படிக் கிடைத்தால், அதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே (ஆமாம், 1878-ல் எழுதிய அதே பத்து ரூபாய்தான்) என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்டபோது கொண்டுவருவதற்கு ஜாமீன் தர வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் விசாரணை வைப்பார். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. நிலத்துக்கு யாரும் உரிமை கோராவிட்டால் முழுவதும் கண்டெடுத்தவருக்கே. மறைத்தால் அந்தப் பங்கு அரசுக்குப் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பங்கு பிரிப்பதற்கு முன்பு அரசே எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி எடுத்தால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். எனக்குள்ள மனக்குறை இந்த 'உலோகத்தின் மதிப்பு' என்ற சொல்லில்தான். தங்கமென்றால் கண்டெடுத்தவருக்கு நஷ்டமில்லை. சங்ககாலச் சேரன் வெளியிட்ட, சுண்டுவிரல் நகம் அளவுச் செப்புக்காசுக்கு? பழைய பாத்திரக் கடைக்காரர் கொடுப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட, அவ்வளவுதான். கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டிய காசு, துணியில் முடிந்து என்னைப் போன்றவர்களின் வாசலுக்கு வருவது இதனால்தான்.