எத்தனை பேர்கிட்டதான் சொல்றது டாக்டர்?

காலை ரவுண்ட்ஸில் நோயாளிகளிடமிருந்து இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கேட்பவர் மேல் தவறே இல்லை. இரவு அவசரப் பிரிவில் ஒருவர் விசாரித்திருப்பார். வார்டுக்கு வந்ததும் பயிற்சி மருத்துவர், அப்புறம் முதுநிலை மாணவர். விடிந்ததும் கையில் நோட்டோடு மாணவி ஒருவர் வந்து உட்கார்ந்து, "என்ன தொந்தரவுன்னு வந்தீங்க?" என்று முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். கடைசியில் பத்துப் பேர் சூழ நான் போய் நின்று அதையே கேட்பேன். முடியாமல் படுத்திருப்பவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவத் துறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அந்த ஐந்தாவது முறைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அப்படிக் கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது.

எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். நான்கு நாளாகத் தள்ளாட்டம், எந்நேரமும் தூக்கம், மகன் பெயரையே மாற்றிச் சொல்கிறார். பக்கவாதமோ என்று வீட்டில் பயந்துபோயிருந்தார்கள். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து மட்டும் 112. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. குழப்பத்துக்குக் காரணம் இதுதான், சரி. ஆனால் சோடியம் ஏன் இறங்கியது? என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. மூன்று முறையும் மகன் சொன்னது, "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு." கேஸ் ஷீட்டில் மூன்று இடத்திலும் அப்படியே எழுதியிருந்தது.

மறுநாள் மதியம் ஒரு மாணவி மருமகளிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "அந்த மாத்திரைகளைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து பை வந்தது. உள்ளே பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை. பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டிலும் குளோர்தாலிடோன். உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து அது. மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழையதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் வீடு வரை போய்ச் சேரவில்லை. வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இதில் ஒரு பங்கே சில சமயம் சோடியத்தை இறக்கிவிடும். இவர் தினமும் இரண்டு பங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் குடும்பத்தாருக்கு இன்னொரு சந்தேகமும் வரும். காரணம் தெரிந்துவிட்டதே, உப்பை ஏற்றிச் சட்டென்று சரிசெய்யக் கூடாதா? கூடாது. நாள்கணக்கில் மெல்ல இறங்கிய சோடியத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதை வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை சிதைந்து, பேச்சும் விழுங்குவதும் கைகால் அசைவும் போய்விடலாம். அதனால்தான் 24 மணி நேரத்துக்கு 8 புள்ளி, மிஞ்சினால் 10 என்ற அளவைத் தாண்டாமல் ஏற்றுகிறோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்களே என்று கோபப்படுவார்கள். அந்த ஊசி ஒவ்வொன்றும் வேகம் அளவு மீறிவிடவில்லை என்று பார்த்துக்கொள்ளத்தான்.

ஒரே கேள்விக்கு ஏன் ஆள் மாறும்போது பதில் மாறுகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதுதான். நோயாளியும் பயத்தில் பெரிதாகத் தெரியும் தொந்தரவை மட்டும் சொல்வார். முதுநிலை மாணவர் மனதில் அதற்குள் இரண்டு மூன்று நோய்கள் வந்திருக்கும், கேள்விகள் அதைச் சுற்றியே போகும். மாணவர்களோ எதைக் கேட்கத் தேவையில்லை என்று இன்னும் தெரியாததால் எல்லாவற்றையும் கேட்பார்கள். நேரமும் அவர்களிடம்தான் இருக்கிறது. எங்களிடம் இருப்பதில்லை. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு வலித்தது, ஏனென்றால் நானும் அப்படிக் குறுக்கிட்டிருக்கிறேன்.

கதை அவ்வளவு முக்கியமா, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. புறநோயாளிகளாக முதல்முறை வந்த 80 பேரில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து நோயாளி சொன்னதைக் கேட்டதுமே எட்டிய முடிவுதான் கடைசிவரை நின்றது. உடலைத் தொட்டுப் பார்த்தபின் முடிவு மாறியது 7 பேருக்கு. பரிசோதனைகளால் மாறியதும் 7 பேருக்கு. அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் எந்த ஸ்கேனை எடுப்பது என்று தீர்மானிப்பதே நீங்கள் சொல்லும் கதைதான். பொது மருத்துவத்தில் இது இன்னும் கூடுதல். இதயம், நுரையீரல் என்று ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்டு இங்கே யாரும் வருவதில்லை. "காய்ச்சல் விடலை", "எடை குறையுது", "ஒரே அசதி" என்று வருகிறார்கள். எந்த உறுப்பு என்று கண்டுபிடிப்பதே எங்கள் வேலையில் பாதி.

மாணவர்களை வகுப்பறையிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு அழைத்து வந்த ஆசிரியர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆஸ்லர். 1889இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மாணவர்களை வார்டு வேலையிலேயே ஈடுபடுத்திக் கற்றுக்கொடுத்தார். இன்று எங்கள் வார்டில் நடப்பது அதன் தொடர்ச்சிதான். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மாணவர் பரிசோதிப்பதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்வதால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது. களைப்பாக இருந்தால் "அப்புறம் வாம்மா" என்று சொல்லிவிடலாம், மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நேற்று ஒன்று சொல்லிவிட்டு இன்று மாற்றிச் சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். முதல்நாள் "காய்ச்சல் ஒரு வாரமா" என்றவருக்கு, அதற்கு முன்பே ஒரு மாதமாக மாலையில் உடம்பு சுட்டது இரவில் நினைவுக்கு வரும். சொல்லாமல் விட்டுவிடுவார். தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு வாரக் காய்ச்சலுக்கு நாங்கள் தேடுவது வேறு, ஒரு மாதக் காய்ச்சலுக்குத் தேடுவது வேறு. முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறார் என்று யாராவது முகம் சுளித்தால் அது அவர்கள் தவறு.

மாத்திரை விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதிகம் தவறிப்போவது இங்கேதான். "மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் நிரந்தர நோய்க்கு எழுதிக்கொடுத்ததை மட்டும்தான் மக்கள் மருந்தாக எண்ணுகிறார்கள். மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை அந்தக் கணக்கில் வராது. சிறுநீரகம் திடீரெனக் கெட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான். ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர், மேலே வலி மாத்திரையையும் போட்டால் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். கண்ணில் விடும் சொட்டு மருந்தை யாருமே சொல்வதில்லை. கண் அழுத்தத்துக்குத் தரும் டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும்.

மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் சாப்பிட வேண்டியது. தெரியாமல் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் எல்லாம் குறைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழைக்காமல் போனவர்களும் உண்டு. அந்த மாத்திரை உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்பதை இன்றே அட்டை மேல் எழுதி வையுங்கள். ஸ்டீராய்டும் அப்படித்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரேநாளில் நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல், ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம்.

அதனால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பையையே கொண்டு வாருங்கள். தீர்ந்துபோன அட்டை, சொட்டு மருந்து, இன்ஹேலர், இன்சுலின் பேனா, சூரணம், பொடி எல்லாம் சேர்த்து. நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். திட்டுவதால் யாருக்கும் நோய் குணமாகாது, தெரிந்தால்தான் எங்களால் ஏதாவது செய்ய முடியும். நோயாளியால் பேச முடியாத நிலை என்றால், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவர் கூட வர வேண்டும். படித்தவர், வெளிவேலை பார்ப்பவர் என்று வேறொருவரை அனுப்புகிறார்கள். அவருக்கு அந்தப் பையில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் அவசரப்படாதீர்கள். வாகனம் காத்திருக்கிறது என்று டிஸ்சார்ஜ் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும், எதன் அளவு மாறியிருக்கிறது, புதிதாக வந்தது எது, அது எத்தனை நாளைக்கு என்று அங்கேயே நின்று கேளுங்கள். நிறுத்தச் சொன்ன அட்டைகளைத் தனியே எடுத்துவிடுங்கள்.

அந்த அம்மா ஆறாம் நாள் தெளிவாகப் பேசினார், சோடியம் 134. பழைய அட்டை இரண்டையும் மாணவி மருமகளிடமிருந்து வாங்கிக்கொண்டு, இனி சாப்பிட வேண்டிய மாத்திரைகளைக் காலை, இரவு என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி சோடியம் பார்க்க வேண்டும் என்பதைத் தாளின் கடைசி வரியில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.