நஹானி ட்ராப்: பிளம்பர் சொல்லும் ‘நானி’ யார்?

ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்து வீட்டைத் திறந்தால், குளியலறையில் சாக்கடை நாற்றம். பிளம்பர் வந்தார். தரையில் இருந்த சல்லடை மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். “நானி ட்ராப் காஞ்சு போச்சு சார், அவ்வளவுதான்.” அரை மணி நேரத்தில் நாற்றம் போய்விட்டது. ‘நானி’ மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

நாணிக் கோணி நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழுப் பெயர் நஹானி ட்ராப்; அந்தச் சல்லடை மூடிக்கு அடியில், தண்ணீர் வடிந்து போகும் வளைந்த பகுதி. மராத்தியில் ‘ந்ஹாணி’ என்றால் குளிக்கும் இடம். வேர், ஸ்நானம். அதே ஸ்நானம் தமிழுக்கு வந்து ‘நானம்’ ஆகியிருக்கிறது. ஆக, இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்!

‘ட்ராப்’ ஆங்கிலம். நேராகப் பெயர்த்தால் ‘பொறி’. எலிப்பொறி எலியைப் பிடிக்கும். இது எதைப் பிடிக்கிறது? வேலை செய்வது இரும்போ பிளாஸ்டிக்கோ அல்ல, வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர். பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழம் நின்றால் போதும், சாக்கடைக் காற்று மேலே வராது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினாரே, அதில் இருந்ததும் இந்த வளைவுதான். சமையலறைத் தொட்டிக்கு அடியில் வளைந்து நிற்கும் குழாயும் இதே ஜாதி.

அந்தத் தண்ணீர் வெயிலில் மட்டும் காய்வதில்லை. மேல்மாடியில் யாரோ மொத்தமாகத் தண்ணீர் விட, குழாய் நிறைந்து இறங்கும்போது பின்னால் காற்று போதாமல் போகும். அந்த இழுப்பில் நம் வளைவில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். தொட்டி ‘களக் களக்’ என்று சத்தம் போட்டால் அதுதான் அறிகுறி. இதைத் தடுக்கத்தான் மொட்டை மாடி வரை ஏறும் வென்ட் பைப். நிலவறையில் கைகழுவும் தொட்டி வைத்தாலும் காற்றுக்கு வழி விட வேண்டும்; அங்கே இதைத்தான் பலர் மறக்கிறார்கள். வென்ட்டுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம், ‘காற்றுக்குழாய்’ போதும்.

சரி, ட்ராப்புக்கு? ‘பொறி’ வேண்டாம், வேலையைச் சொல்லும் ‘நீர்ப்பூட்டு’ என் தேர்வு. வடிகுழாய்க்கோ பழைய சொல்லே இருக்கிறது: தூம்பு. மணிமேகலையில் வஞ்சி நகரத்துப் பெண்கள் கூந்தல் கழுவிய நீர் ‘சுருங்கைத் தூம்பு’ வழியாகத்தான் போகிறது. சுருங்கை என்றால் நிலத்தடி வழி. அந்தத் தூம்பில் நீர்ப்பூட்டு இருந்ததா என்று சாத்தனார் சொல்லவில்லை.

கடையில் மட்டும் நஹானி ட்ராப் என்றே கேளுங்கள். நீர்ப்பூட்டு என்றால் சாவியோடு எடுத்து நீட்டுவார்கள்.