கைத்தொலைபேசியில் தெரியும் கோடு காணியின் எல்லை அல்ல

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் காணி வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்கள், நில அளவையாளரான எனக்கு முதலில் அனுப்புவது காணி உறுதியின் பிரதியையோ நில அளவைப் பிளானையோ அல்ல. வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷன் வரும். கூடவே கூகுள் படத்தின் மேல் சிவப்புக் கோடு கீறிய ஒரு ஸ்கிரீன்ஷொட். "சேர், இதுதான் காணி, இருபது பேர்ச். ஒருக்காப் பார்த்துச் சொன்னீங்களெண்டால் அட்வான்ஸ் குடுத்திடுவம்" என்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு நில அளவையாளரால் எதுவும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது விளங்க, மனிதர்கள் எப்படி நிலப்படம் வரையப் பழகினார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்றைய ஈராக்கில் இருந்த நிப்பூர் நகரத்தின் மதிலையும் வாசல்களையும் கால்வாய்களையும் களிமண் பலகையில் கீறியவர்கள் கி.மு. 1500ஐ ஒட்டி வாழ்ந்தவர்கள். எகிப்தில் கி.மு. 1150 அளவில் ஒரு பப்பைரஸ் தாளில் வரையப்பட்ட படம், பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் கல் எங்கே வெட்டலாம், தங்கம் எங்கே இருக்கிறது என்று காட்டியது. இரண்டுக்கும் ஒவ்வொரு தேவை இருந்தது. அந்தத் தேவைக்கு அவை போதுமாகவும் இருந்தன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த புவியியலாளர் தொலமி, இடங்களுக்கு அகலக்கோடும் நெடுங்கோடும் கொடுத்து நீண்ட பட்டியல் எழுதினார். நம் தீவையும் 'தப்ரபேன்' என்ற பெயரில் சேர்த்தார். மகாவலி என்று பலரும் கொள்ளும் ஆறு அதில் இருக்கிறது. ஆனால் தீவின் பருமன் உண்மையில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பூமத்திய கோடு தீவின் ஊடாகவே போகிறது. உண்மையில் நம் தெற்கு முனைகூட அந்தக் கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகையில் உள்ளது. தொலமி இங்கே வந்து பார்த்தவர் அல்ல. கடலோடிகளும் வணிகர்களும் சொன்ன பயண நாட்களையும் தூரங்களையும் வைத்துக் கணக்கிட்டார். அகலக்கோடும் நெடுங்கோடும் கொடுக்கும் முறை நல்ல முறை, இன்றைக்கும் அதையேதான் பயன்படுத்துகிறோம். அதற்குள் போட்ட எண்தான் பிழை.

இது பழங்கதை இல்லை. உங்கள் கைத்தொலைபேசி ஓர் இடத்தைத் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கங்களோடு காட்டும். ஆறாவது இலக்கம் என்பது நிலத்தில் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். ஆனால் திறந்த வானத்தின் கீழும் சாதாரணத் தொலைபேசி 5 மீற்றர் அளவுக்கு முன்பின்னாகத்தான் இடத்தைச் சொல்லும். தென்னைகளுக்கு நடுவில், மதிலோரத்தில், அது இன்னும் கூடும். எண் நீளமாக இருக்கிறது என்பதற்காக அளவை நம்பிவிடக் கூடாது.

படத்தின் அருமை தெரிந்த ஊர் திருகோணமலை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று இந்தத் துறைமுகத்துக்காக அடிபட்டவர்கள் எல்லோருக்கும் இதன் படம் தேவைப்பட்டது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ், பல ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் தப்பிப்போய் 1681இல் லண்டனில் அச்சிட்ட நூலிலும் இலங்கைப் படம் ஒன்று இருந்தது. 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள். கடற்படைக்குக் கடல் வரைபடம் செய்யும் அலுவலகத்தை லண்டனில் அவர்கள் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். அதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள், இளம் வயதில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனி வேலையில் இருந்தவர்.

அந்தக் காலத்துக் கடல் வரைபடத்தில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி அளந்த ஆழங்கள் பாகம் பாகமாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பாகம் ஆறு அடி. தரைப்பக்கமோ பெரும்பாலும் வெறுமை. கப்பலில் இருந்து பார்த்தால் தெரியும் குன்றும் கோட்டையும் மட்டும் இருக்கும். கப்பலோட்டிக்கு அது போதும்.

நம் காணி அளவையின் தாய்வீடு வேறு. 1800 ஓகஸ்ட் 2இல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் இங்கே நில அளவைத் திணைக்களத்தை ஏற்படுத்தினார். ஜோசப் ஜொன்வில் முதல் நில அளவை அதிபதி. 1802இல் சென்னையில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை மிகக் கவனமாக அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் வேலையைத் தொடங்கினார். ஒரு பக்கத்தின் நீளம் சரியாகத் தெரிந்தால், மற்ற இரண்டையும் கோணத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இலங்கையும் அப்படித்தான் மலையுச்சிக்கு மலையுச்சி அளக்கப்பட்டது.

நாம் சொல்லும் ஏக்கர், றூட், பேர்ச் மூன்றும் 1620இல் எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடிச் சங்கிலிக்குள் அழகாக அடங்கும். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஒரு சதுரச் சங்கிலி 16 பேர்ச். ஆகவே ஏக்கருக்கு 160 பேர்ச், பேர்ச்சுக்கு 272.25 சதுர அடி. இரும்பு வெயிலில் நீளும், இழுவையில் தேயும், மேட்டிலும் பள்ளத்திலும் தொய்யும். பழைய பிளானையும் புதிய அளவையையும் ஒப்பிடும்போது கொஞ்சம் வேறுபாடு வந்தால் உடனே "களவு" என்று அயலவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் எந்தக் கருவியால் அளந்தது என்று கேளுங்கள்.

பலர் பழைய ஓரங்குலப் படத்தையும் கொண்டுவருவார்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய படம் அது, 1:63,360. அதில் அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு நிலத்தில் 30 மீற்றருக்கும் மேல். உங்கள் முழு வளவும் அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். குளத்தையும் வீதியையும் தேட அது அருமையான படம். வேலிச் சண்டையைத் தீர்க்க அல்ல.

ஜிபிஎஸ் செய்மதிகள் 1978இலிருந்து மேலே போகத் தொடங்கின. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்த துல்லியத்தை அமெரிக்கா விடுவித்தது 2000 மே மாதம். கூகுள் மெப்ஸ் வந்தது 2005இல். இருபது பேர்ச் சதுரக் காணி ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 22.5 மீற்றர். ஒரு பக்க எல்லை 5 மீற்றர் தள்ளினால் 112 சதுர மீற்றர் போகும், அதாவது நாலரைப் பேர்ச்சுக்குக் கிட்ட. கடற்கரைக் காணியில் அது எவ்வளவு காசு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. இடங்களைக் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம் என்ற எண்களால் குறிப்பது ஆள்கூற்று முறை. நாட்டின் பழைய கந்தவல ஆள்கூற்று முறையில் பிதுருதலாகலை மலைக்கு இரண்டு தூரத்துக்கும் 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தார்கள். 1999இன் புதிய முறையில் அதே இடத்துக்கு 500,000. தொலைபேசி பயன்படுத்துவது இவை இரண்டும் அல்லாத உலகப் பொது முறை. சரியாக மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் காணி நூறு மீற்றருக்கும் அப்பால் போய் விழும்.

எங்களிடமும் செய்மதிக் கருவி இருக்கிறது, சென்ரிமீற்றர் அளவுக்கு இடம் சொல்லும். ஆனால் பழைய மூலை எது என்று அதற்குத் தெரியாது. இடம்பெயர்ந்து பல ஆண்டு கழித்துத் திரும்பிய சனத்தின் வளவுகளில் வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையோரத்தில் கல்லோடு மண்ணும் போயிருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் கருவியை விரிக்கும் முன் கிணற்றுக் கட்டையும், பழைய அத்திவாரத்தையும், ஒழுங்கை முடக்கையும் தேடுவேன். "தம்பி, எங்கட எல்லைப் பனை இந்தக் கிணத்துக்கு நேரதான் நிண்டது" என்று ஓர் ஆச்சி கைகாட்டிய இடத்தைத் தோண்டியபோது வேரடி கிடைத்தது. பழைய பிளானின் தூரமும் அதற்கு ஒத்துவந்தது. இரண்டும் சேர்ந்தபின்தான் கல் நட்டேன்.

ஆகவே காணி வாங்குமுன் உறுதியோடு பிளானையும் கேளுங்கள்: பிளான் இலக்கம், அளந்த திகதி, அளந்தவர் பெயர், பரப்பளவு. உறுதியின் அட்டவணையில் உள்ளதோடு அவை பொருந்துகின்றனவா என்று சட்டத்தரணியைக் கொண்டு பாருங்கள். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி பதிவும் நடப்பாண்டு உரிமமும் உள்ள அளவையாளரைக் கூட்டிப்போய், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூலைகளை நிலத்தில் காட்டச் சொல்லுங்கள். அளக்கும் நாளில் நாலு பக்கத்து அயலவரும் நின்றால் நல்லது. கல் காணாமற் போயிருந்தால் நீங்களாக நடவேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் லொகேஷனை அனுப்புங்கள், வழி கண்டுபிடிக்க அது உதவும். அதோடு பிளானின் எல்லாப் பக்கங்களையும், மடிப்பும் கறையும் தெரிந்தாலும் பரவாயில்லை, முழுதாகப் படமெடுத்து அனுப்புங்கள்.