குட்டி நாயின் தாடையில் நிற்காமல் வளரும் எலும்பு

லாப்ரடார் குட்டிக்கு 5 மாதம். சாப்பாட்டைப் பார்த்ததும் ஓடி வருகிறது, ஒரு வாய் கவ்வியதுமே வீறிட்டு விலகிவிடுகிறது. எச்சில் ஒழுகுகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் தடித்திருக்கிறது. புற்றுநோயா என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நேரில் பரிசோதித்த மருத்துவர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வயதில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தடித்தால் முதலில் நினைவுக்கு வருவது கிரேனியோமாண்டிபுலர் ஆஸ்டியோபதி, அதாவது தாடையிலும் மண்டையோட்டிலும் எலும்பு மிகையாக வளரும் நோய். இது புற்றுநோய் இல்லை. டெரியர் வகைகளில் அதிகம். லாப்ரடார், கிரேட் டேன், டாபர்மேன் போன்ற பெரிய நாய்களுக்கும் வரும்.

எலும்பு கல்லைப்போல அசையாமல் கிடப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அங்கே ஓயாமல் வேலை நடக்கிறது. கட்டும் செல்கள் புதிய எலும்பை அடுக்கிக்கொண்டே போக, கரைக்கும் செல்களான ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் பழையதை அரிக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை இந்த அரிக்கும் செல்கள்தான். ஒவ்வொன்றும் எலும்பின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஒட்டி, விளிம்பை இறுக மூடிக்கொள்ளும். உள்ளே அமிலத்தைச் சுரந்து சுண்ணச்சத்தைக் கரைக்கும், நொதிகளால் புரத நார்களை வெட்டும். அமிலம் வெளியே கசியாது. இவ்வளவு கச்சிதமான வேலையில் சிறு தடங்கல் வந்தாலும் கட்டுவது மிஞ்சி, கரைப்பது குறைந்துவிடும்.

சில டெரியர் இனங்களில் தடங்கல் எங்கே என்று 2016இல் தெரியவந்தது: எஸ்எல்சி37ஏ2 என்ற மரபணு. சர்க்கரை மூலக்கூறைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு அது, ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளில் மும்முரமாக இயங்குவது. அதை நீக்கிய சுண்டெலிகளுக்கும் எலும்பு கூடிப்போனது.

மனிதக் குழந்தைகளுக்கும் இதைப்போலவே தாடை வீங்கும் காஃபி நோய் உண்டு. அதன் மரபணு வேறு, ஆனால் அதுவும் பெரும்பாலும் தானே தணியும். நாய் நோய் ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் கொஞ்சமும் ஒத்துப்போவதில்லை. நம் எலும்பும் இதே செல்களால்தான் ஆனது.

சரி, குட்டிக்கு என்ன ஆகும்? ஏறக்குறைய 1 வயதில் உடல் வளர்ச்சி ஓயும்போது இந்த வளர்ச்சியும் நின்று, மிகுந்த எலும்பு பெரும்பாலும் ஓரளவு கரையும். காது எலும்பும் தடித்துத் தாடை மூட்டை நெருக்கினால் மட்டும் வாய் திறக்காமல் போகலாம், அது கவலைக்குரியது.

அதுவரை கூழாக்கிய உணவும் மருத்துவர் தரும் வலி மருந்தும் வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், நாய்க்கு அது நஞ்சாகலாம். வாயைப் பலவந்தமாகத் திறந்து பார்க்காதீர்கள். அப்புறம், இந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம்.