சீட்டெண்ணல்

'கார்டு கவுண்டிங்' என்பதைச் சீட்டுகளின் எண்ணிக்கை என்று பெயர்த்தால், கட்டில் 52 சீட்டும் இருக்கிறதா என்று யாரோ சரிபார்ப்பது போலத் தோன்றும். 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் காசினோ சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் நடப்பது வேறு. வெளிவந்த சீட்டுகளைப் பார்த்து, இனி வரப்போவதில் பெரிய சீட்டு மிகுதியா, சின்னது மிகுதியா என்று மனத்துக்குள் பற்றுவரவு வைக்கிறார்கள்.

பரவலான 'ஹை-லோ' முறையில் 2 முதல் 6 வரை எது வந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 கணக்கில் சேராது. ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். அபார ஞாபகசக்தி எல்லாம் சினிமாவுக்குத்தான். அந்த எண் ஏற ஏற, மிச்சத்தில் பெரிய சீட்டு அதிகம். அப்போது ஏஸும் பத்தும் சேர்ந்து விழுந்து, வழக்கமான விதிப்படி ஒன்றரை மடங்கு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. கையில் 16 இருந்தாலும் சீட்டு எடுத்தே தீரவேண்டிய டீலர் (காசினோ சார்பில் ஆடுபவர்), 21-ஐத் தாண்டித் தோற்கும் வாய்ப்பும் கூடுகிறது. பந்தயத்தை ஏற்றுவது அந்த நேரத்தில்தான். பல கட்டு கலந்திருந்தால் எண்ணை மீதிக் கட்டுகளால் வகுக்க வேண்டும்: 6 என்பது, மூன்று கட்டு மீதியிருந்தால் வெறும் 2.

ஆங்கில 'கவுண்ட்', பழைய பிரெஞ்சு வழியாக 'கம்ப்யூட்டாரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'கம்ப்யூட்டர்' பிறந்ததும் அதே வேரில். பொருத்தம்தான். 1962-இல் நூல் எழுதி இந்த உத்தியை ஊரறியச் செய்த கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், அதற்கான கணக்குகளை ஐபிஎம் 704 கணினியில்தான் போட்டுப் பார்த்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சீட்டுக் கணக்கு' அழகான சொல்தான். ஆனால் படிப்பவருக்கு ஏலச்சீட்டு நினைவுக்கு வந்துவிடும். 'சீட்டுக் கணிப்பு' என்றால் ஜோசியம் போல ஒலிக்கிறது. என் ஓட்டு 'சீட்டெண்ணல்' என்பதற்கு. எண்ணுவது தொகை பார்ப்பதையும் குறிக்கும், சிந்திப்பதையும் குறிக்கும். இந்த ஆட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கருவி வைத்து எண்ணினால் குற்றம், மனத்தால் எண்ணினால் குற்றமில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டால் காசினோக்காரர் எழுந்து போகச் சொல்லலாம்.