பூட்டுப் படமும் 77 இலக்கப் பகா எண்ணும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் என் கடைக்கு இணைய மோசடியில் பணம் இழந்து வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இணைய முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சே தம்பி, அப்புறம் எப்படிப் பணம் போச்சு?" தோட்டத்து அக்காக்களும் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பூட்டுக்குள் இருப்பது கணக்கு. வாட்ஸ்அப்பும் பல இணையத்தளங்களும் பயன்படுத்தும் பகா எண் ஒன்று உண்டு: 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்தால் வருவது, 77 இலக்கம். அது ரகசியமும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த எண்.

பகா எண் எதற்கு? 12-ஆல் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் 3-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் மீதி பூஜ்யம். எந்த எண்களைப் பெருக்கினோம் என்ற தடமே போய்விடும். பகா எண்ணில் அப்படி நடக்காது. பூஜ்யம் தவிர எதைப் பெருக்கினாலும் திரும்ப வகுத்து எடுக்கலாம்.

அந்த 19-இன் அழகைச் சின்ன எண்ணில் பாருங்கள். 97 என்பது 100-இல் 3 குறைவு. 4512-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி என்ன? 45-ஐ 3-ஆல் பெருக்கி 12-ஐக் கூட்டுங்கள்: 147. மறுபடியும் அதே மாதிரி, 1-ஐ 3-ஆல் பெருக்கி 47-ஐக் கூட்டினால் 50. அதுதான் மீதி, வகுக்கவே இல்லை. கைப்பேசியும் இப்படித்தான் 255 பிட்டுக்கு (இரும இலக்கத்துக்கு) மேல் வழிவதை 19-ஆல் பெருக்கிக் கீழே சேர்த்துவிடுகிறது. விலை குறைந்த கைப்பேசிகூடத் திணறாது.

இந்தக் கணக்கில் உங்கள் கைப்பேசியும் எதிர்முனையும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. நடுவில் ஒட்டுக்கேட்பவன் இன்றைய கணினிகளை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, எதிர்முனையில் இருப்பவனே திருடன் என்றால்? கணக்கு அதைப் பார்ப்பதில்லை. போலித் தளம் நடத்துபவனுக்கும் அதே பூட்டு இலவசமாகக் கிடைக்கும். மக்கள் பூட்டுப் படத்தை நம்பகமான தளம் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் உலாவி அதையே எடுத்துவிட்டது.

இணைய முகவரியில் https://-ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் உள்ள கடைசிப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வங்கியின் பெயரை முன்னால் ஒட்டிவைத்து ஏமாற்றுவார்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டாதீர்கள், வங்கிச் செயலியை நீங்களே திறங்கள். டிஏசி எண்ணை, அதாவது பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி தரும் ஒருமுறை எண்ணை, யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அனுப்பியவர் சொந்தக்காரரே ஆனாலும், நிறுவாதீர்கள்.

பணம் போனது தெரிந்த உடனே வங்கியையோ, மலேசியாவின் மோசடி உதவி எண்ணான 997-ஐயோ அழையுங்கள். கடைக்கு அப்புறம் வரலாம்.